புதுக் காரில் ஷோரூம் போட்ட கீறல்: எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது

டெலிவரி எடுத்த மறுநாள் காலை. பானெட்டில் போட்ட மாலை இன்னும் வாடவில்லை. வாசலில் நிற்கும் வண்டியின் மேல் எட்டு மணி வெயில் விழுகிறது. முந்தைய நாள் மாலை ஷோரூம் விளக்கில் கண்ணாடி மாதிரி இருந்த பானெட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள். பின்கதவில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல்.

திருச்சியில் கருநீலக் கார் ஒன்று எடுத்தபோது எனக்கு இதுதான் நடந்தது. போன் செய்தேன். "ரப்பிங் போட்டா போயிடும் சார், கொண்டு வாங்க" என்றார்கள். ரப்பிங் என்றால் பசை வைத்து மெஷினால் பெயிண்ட்டைத் தேய்ப்பது. கொண்டுபோய் விட்டேன். மாலையில் பளபளவென்று கொடுத்தார்கள். நாலு முறை கழுவியதும் பழைய வட்டங்கள் அத்தனையும் திரும்ப வந்தன. கூடவே, கதவின் விளிம்பில் பெயிண்ட் தேய்ந்து வெளிறிப்போயிருந்தது. என்னிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் என் கையெழுத்து மட்டும் இருந்தது. கடைசியில் அந்தக் கதவுக்கு மறுபடி பெயிண்ட் அடித்தார்கள். இன்றும் வெயிலில் பார்த்தால் அந்தக் கதவு மட்டும் ஒரு மாற்று வேறாகத் தெரியும்.

கீறலைவிட, கீறலைச் சரிசெய்த விதம்தான் என் வண்டிக்கு அதிகக் கெடுதல் செய்தது. முதல் முறை கார் வாங்குபவர்கள் அந்த இடத்தில் சறுக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஏன் அவசரப்பட்டு ரப்பிங் போடக் கூடாது

தொழிற்சாலையில் சீட்டு, ஒயர், கண்ணாடி எதுவும் மாட்டாத வெறும் தகட்டு உடலை முதலில் பாஸ்பேட் கரைசலில் நனைக்கிறார்கள். பிறகு மின்சாரம் பாய்ச்சிய பெயிண்ட் தொட்டியில் முழுதாக முக்கி எடுக்கிறார்கள். துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு அது. அதைப் பெரிய அடுப்பறையில் சுமார் 160 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை சுடுகிறார்கள். அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். மேல் பூச்சுகள் வேகும் சூடு ஏறக்குறைய 140 டிகிரி.

இத்தனை அடுக்கும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 80 முதல் 140 மைக்ரான்தான் வரும். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், உங்கள் காரின் மொத்த பெயிண்ட்டும் ஒன்றிரண்டு முடி அளவுதான். அதில் வெயிலையும் மழையையும் தாங்கும் கிளியர் கோட் 30 முதல் 50 மைக்ரான். பாலிஷ் போடுவது என்றால் அந்தக் கிளியர் கோட்டைக் கொஞ்சம் சுரண்டி எடுப்பது. பக்குவமாகச் செய்தால் ஒன்றிரண்டு மைக்ரானோடு போய்விடும். வேகமாகச் சுற்றும் ரோட்டரி மெஷினில் கரடுமுரடான காம்பவுண்ட் (தேய்க்கும் பசை) வைத்து விளிம்பில் அழுத்தினால் ஒரே நாளில் அந்த அடுக்கே காலி. எனக்கு நடந்தது அதுதான்.

முழு வண்டியாக ஆன பிறகு அதே அடுப்பில் வைக்க முடியாது. பிளாஸ்டிக்கும் ஒயரும் உருகிவிடும். அதனால் பாடி ஷாப்பில் ஹார்டனர் கலந்த வேறு வகைப் பெயிண்ட் அடித்து 60, 70 டிகிரியில் காயவைக்கிறார்கள். நல்ல கைக்காரர் செய்தால் அதுவும் பல வருடம் நிற்கும். ஆனாலும் தொழிற்சாலைப் பெயிண்ட்டை ஒரு வண்டிக்கு ஒரு தடவைதான் அடிக்க முடியும். கீழே சொல்வது எல்லாமே இந்த ஒரு உண்மையிலிருந்து வருகிறது: முதலில் பதிவு செய்யுங்கள், அப்புறம் குறைந்த அளவு பெயிண்ட்டை இழக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

சேதம் எங்கே நடக்கிறது

தொழிற்சாலையிலிருந்து லாரியில் ஏறிய நொடியிலிருந்தே வாய்ப்பு உண்டு. ஆனால் நான் பார்த்தவரை அதிகம் நடப்பது டீலரின் கையில்தான். வண்டி வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் திறந்தவெளி ஸ்டாக் யார்டில் நிற்கும். மேலே மண், காக்கை எச்சம், பக்கத்தில் கட்டட வேலை நடந்தால் சிமென்ட் தூசி. டெலிவரிக்கு முந்தைய நாள் ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணி, இருபது வண்டி. முதல் வண்டியின் மண் இருபதாவது வண்டியின் பானெட்டில் கோடு போடும். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளிகள் படியும். ஷோரூமுக்குள் நிற்கும் வண்டியை தினமும் காலையில் உலர்ந்த துணியால் தூசி தட்டுவார்கள். ஒவ்வொரு தட்டும் ஒரு கீறல்.

அப்புறம் ஆக்சசரி வேலை. மட் ஃப்ளாப்புக்குத் துளை போடும்போது டிரில் வழுக்கும். டோர் வைசர் ஒட்டும்போது இடுப்பு பெல்ட்டின் பக்கிள் கதவில் உரசும். டெலிவரி நாளின் கொண்டாட்டத்திலும் கவனம் வேண்டும். கம்பியில் கட்டிய மாலையை பானெட்டில் இழுத்துப் போடுவதும், வைத்த சந்தனம் குங்குமம் காய்ந்தபின் துணியால் தேய்த்து எடுப்பதும் புதுப் பெயிண்ட்டைக் கீறும். பூஜையைத் தாராளமாகச் செய்யுங்கள். மாலையை நூலில் கட்டச் சொல்லுங்கள். பொட்டைப் பெயிண்ட்டில் வைக்காமல் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வையுங்கள்.

முதல் படி: பதிவுக்கு முன்னால் வண்டியைப் பாருங்கள்

பதிவு ஆகாத வண்டியை டீலர் உங்களிடம் கொடுக்கக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. அதனால் நீங்கள் டெலிவரிக்குப் போகும் நேரத்தில் வண்டி ஏற்கெனவே உங்கள் பெயரில் ஏறியிருக்கும். ஆயுள் வரி கட்டியாகிவிட்டது, இன்சூரன்ஸ் போட்டாகிவிட்டது, கடன் என்றால் வங்கியும் பணத்தை அனுப்பிவிட்டது. அந்த நிலையில் "இது வேண்டாம், வேறு வண்டி கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவது மிகக் கடினம்.

உங்கள் கை ஓங்கியிருக்கும் காலம் ஒன்றே ஒன்றுதான். உங்களுக்கு எந்த வண்டி என்று சேசிஸ் எண் (வண்டி உடலில் பொறித்த தனி அடையாள எண்) ஒதுக்கிய பிறகு, அதைப் பதிவுக்கு அனுப்புவதற்கு முன். புக்கிங் பணம் கட்டும்போதே ஒரு மெயில் போடுங்கள்: "சேசிஸ் எண் ஒதுக்கியதும் தெரிவிக்கவும், பதிவுக்கு முன் வண்டியை நேரில் பார்த்து எழுத்தில் ஒப்புதல் தருவேன், அதற்கு முன் பதிவு செய்ய வேண்டாம்." வாய்ச் சொல் போதாது. சேல்ஸ் பையன் மாதக் கடைசியில் டார்கெட் அழுத்தத்தில் இருப்பார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மெயில் இருந்தால் அவருடைய மேலதிகாரியிடம் அவரே காட்டி உங்களுக்காகப் பேச முடியும்.

நல்ல நாள் பார்த்து டெலிவரி எடுப்பவர்கள் பார்வையிடும் நாளை அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஐம்பது வண்டி வரிசையில் நிற்கும்போது யாரும் உங்களுக்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள்.

இரண்டாவது படி: எப்படிப் பார்ப்பது

காலை எட்டிலிருந்து பத்துக்குள், அல்லது மாலை நாலரை வாக்கில், சாய்ந்த வெயிலில் பாருங்கள். உச்சி வெயிலிலும் டியூப் லைட்டிலும் பல விஷயம் மறைந்துவிடும். ஈரமான வண்டியைப் பார்க்கவே பார்க்காதீர்கள். தண்ணீர் கீறலை நிரப்பி மறைத்துவிடும். போனின் டார்ச்சைப் பெயிண்ட்டுக்கு அருகே பிடித்து மெல்ல நகர்த்தினால், வெளிச்சத்தைச் சுற்றி வட்டமாகக் கீறல்கள் எழுந்து நிற்கும்.

வண்டியை ஒரே திசையில் சுற்றி வாருங்கள், பேனல் பேனலாக. யாரும் பார்க்காத இடம் மேற்கூரை. ஒரு ஸ்டூல் கேட்டு ஏறிப் பாருங்கள். பம்பரின் நாலு மூலை, கைப்பிடிக்குப் பின்னால் நகம் படும் குழிவு, டிக்கி விளிம்பில் பொருள் ஏற்றும் இடம், கதவு ஓரங்கள், இவற்றில்தான் அதிகம் இருக்கும்.

ஏற்கெனவே பெயிண்ட் அடித்து மறைத்திருந்தால் எப்படித் தெரியும்? கதவோர ரப்பர் பீடிங்கை லேசாகத் தூக்கிப் பாருங்கள். அடியில் நிறம் ஒரு கோட்டில் நின்றிருந்தால் மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்திருக்கிறார்கள். ஒரு பேனல் மட்டும் ஆரஞ்சுத் தோல் மாதிரி பொரபொரவென்று இருக்கிறதா, பெயிண்ட்டுக்குள் தூசி மணி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பானெட் கீல், ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் உடைந்திருந்தால் அந்தப் பாகத்தைக் கழற்றியிருக்கிறார்கள்.

பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி கிடைத்தால் கொண்டுபோங்கள். தெரிந்த டீடெய்லிங் (வண்டிப் பெயிண்ட்டைச் சுத்தம் செய்து மெருகேற்றும்) கடைக்காரரைக் கூடவே அழைத்துப் போகலாம், அந்தச் செலவு வீண் போகாது. எல்லாப் பேனலும் 100, 110 என்று காட்டி ஒரு கதவு மட்டும் 220 என்றால் மறுபூச்சு. அதற்கும் மேலே பல நூறு காட்டினால் உள்ளே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) இருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சாதாரணக் கருவி அங்கே அளவு காட்டாது. அலுமினிய பானெட் உள்ள காருக்கு இரும்பு, அலுமினியம் இரண்டையும் அளக்கும் கருவி வேண்டும். சில மைக்ரான் ஏற்ற இறக்கம் எல்லா வண்டியிலும் உண்டு, அதற்காகச் சண்டை போடாதீர்கள்.

இந்தக் கட்டத்தில் கனமான சேதம் தெரிந்தால் சரிசெய்து தரச் சொல்லாதீர்கள். வேறு சேசிஸ் எண் கேளுங்கள். இரண்டு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை. லேசான வாஷ் கோடுகள் என்றால் அந்த வண்டியையே எடுத்துக்கொண்டு, அதை எழுத்தில் பதிவு செய்து, ஈடு கேட்கலாம்.

வண்டி பிடித்துவிட்டால் இன்னொரு வேண்டுகோள் வையுங்கள். இலவச டெஃப்லான் பூச்சு, பாலிஷ், "பெயிண்ட் புரொடெக்‌ஷன்" எதுவும் வேண்டாம், வண்டியைத் தண்ணீர் மட்டும் அடித்து, துடைக்காமல் கொடுங்கள் என்று. தூசியோடு வந்தாலும் பரவாயில்லை என்று சொல்லுங்கள். பலர் இதைக் கேட்டு வியப்பார்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு வரி மற்ற எல்லா முன்னெச்சரிக்கைக்கும் சமம்.

மூன்றாவது படி: டெலிவரி நாளில் கையெழுத்துக்கு முன்

குடும்பமே வந்திருக்கும். குழந்தைகள் சாவிக்குக் கை நீட்டுவார்கள். கேக் வெட்ட அழைப்பார்கள். அதற்கெல்லாம் முன்னால் வண்டியை வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லி ஒரு சுற்று வாருங்கள். பகல் டெலிவரியே கேளுங்கள். இரவுதான் முடியும் என்றால் டெலிவரி நோட்டில் இப்படி எழுதிக் கையெழுத்திடுங்கள்: "இரவு நேரத்தில் பெறப்பட்டது. வெளிப்புறப் பெயிண்ட்டைப் பகல் வெளிச்சத்தில் பரிசோதித்து 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் உரிமையுடன்."

சேதம் கண்ணில் பட்டால் எந்தப் பேனல், எத்தனை சென்டிமீட்டர் என்று அந்த நோட்டிலேயே எழுதுங்கள். அவர்கள் பக்கப் பிரதியிலும் அது இருக்க வேண்டும். இரண்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "அப்புறம் பாத்துக்கலாம் சார், நம்ம பிள்ளைங்கதான்" என்பார்கள். அன்போடுதான் சொல்வார்கள். நீங்களும் அன்போடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

நான்காவது படி: வீட்டுக்கு வந்தபின் தெரிந்தால்

இங்கே முதல் 24 மணி நேரம் முக்கியம். நாள் கடக்கக் கடக்க "நீங்கள் எங்கேயாவது உரசியிருப்பீர்கள்" என்ற பதில் வலுவாகும்.

துடைக்காதீர்கள், வாக்ஸ் போடாதீர்கள், பக்கத்துக் கடையில் காட்டி டச்-அப் செய்யாதீர்கள். வண்டி இருக்கும் நிலையிலேயே படம் எடுங்கள். ஒவ்வொரு சேதத்துக்கும் மூன்று படம்: முழுப் பேனலும் தெரியும்படி ஒன்று, அருகில் ஒன்று, பக்கத்தில் ஸ்கேலோ ஒரு ரூபாய் நாணயமோ வைத்து ஒன்று. பிறகு ஓடோமீட்டர், நம்பர் பிளேட், சேசிஸ் எண் மூன்றும் வருகிறமாதிரி வெட்டாத ஒரே வீடியோ. 38 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் கூரையில் வட்டக் கீறல் என்றால் யார் போட்டது என்பதற்கு அதிக விளக்கம் தேவைப்படாது. படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், எடுத்த நேரம் முதலான விவரங்களும் போய்விடும். மூலக் கோப்புகளை அழிக்காமல் வேறோர் இடத்திலும் சேமியுங்கள்.

அன்றே மெயில் போடுங்கள். சேல்ஸ் பையனுக்கு மட்டும் அனுப்பாமல் சேல்ஸ் மேனேஜர், டீலரின் பொது மேலாளர், கார் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை, எல்லோரையும் சேர்த்து அனுப்புங்கள். கோபத்தைக் கொட்ட வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"சேசிஸ் எண் … கொண்ட கார் … தேதி மாலை … மணிக்கு எனக்கு டெலிவரி கொடுக்கப்பட்டது. மறுநாள் காலை பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது, வலது பின்கதவில் 9 செ.மீ. கீறலும், பானெட், கூரை, டிக்கி ஆகியவற்றில் வட்டக் கீறல்களும் இருந்தன. அப்போது ஓடோமீட்டர் அளவு 38 கி.மீ. படங்களையும் வீடியோவையும் இணைத்துள்ளேன். வண்டியைப் பரிசோதித்து, எந்த முறையில், எங்கே, எத்தனை நாளில், உங்கள் செலவில் சரிசெய்வீர்கள் என்பதை 7 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். என் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் பாலிஷ், ரப்பிங், பெயிண்ட் வேலை எதையும் செய்ய வேண்டாம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நான் எழுதாமல் விட்டது அதைத்தான்.

போனில் பேசினால், பேசி முடித்ததும் "இன்று நீங்கள் போனில் சொன்னபடி…" என்று தொடங்கி இரண்டு வரி மெயில் போட்டுவிடுங்கள். மறுப்பு வராவிட்டால் அதுவே ஒரு பதிவாக நிற்கும்.

ஐந்தாவது படி: எவ்வளவு ஆழம், என்ன வைத்தியம்

கீறலுக்குக் குறுக்கே நகத்தை லேசாக ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டவே இல்லை என்றால் அது பெரும்பாலும் கிளியர் கோட்டுக்குள்ளேயே நிற்கிறது. நகம் சிக்கினால் ஆழமானது. கீறலுக்குள் வெள்ளையோ சாம்பலோ தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது. உலோகம் மின்னினால் துரு பிடிக்கும் இடம், தள்ளிப்போடக் கூடாது.

உப்புப் புள்ளிகளும் ஒட்டியிருக்கும் தூசியும் கீறலே அல்ல. தண்ணீர் கலந்த வினிகர் உப்புக்கு, கிளே பார் (ஒட்டிய தூசியை உருட்டி எடுக்கும் களிமண் கட்டி) தூசிக்கு. இவற்றுக்கு மெஷினே தேவையில்லை.

வட்டக் கீறல்களுக்கு நல்ல டீடெய்லிங் கடையில் டூயல் ஆக்‌ஷன் மெஷினில் (சுழற்சியோடு ஆட்டமும் சேர்ந்து மெதுவாகத் தேய்க்கும் வகை) மென்மையான ஃபினிஷிங் பாலிஷ் போதும். டீலரின் வாஷிங் பே ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அவர் திறமையற்றவர் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு வண்டிக்கு அவருக்குக் கொடுக்கும் நேரம் ஒரு மணி, இந்த வேலைக்கு வேண்டியது ஒரு நாள். நீங்கள் தேர்ந்தெடுத்த கடையில் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையை டீலர் கட்ட வேண்டும் என்று கேளுங்கள். பல டீலர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் அது தலைவலியைத் தீர்க்கிறது. வேலைக்கு முன்னும் பின்னும் தடிமன் அளவைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். முடிந்ததும் தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். கீறலை நிரப்பி மறைக்கும் எண்ணெய், கிளேஸ் எல்லாம் அதில் போய்விடும். அதற்குப் பிறகும் பெயிண்ட் சுத்தமாக இருந்தால்தான் வேலை முடிந்தது. எனக்குக் கொடுத்த பளபளப்பு இந்தச் சோதனையில் ஒரு நிமிடம்கூட நின்றிருக்காது.

ஆழமான சின்னக் கீறலுக்கு என் யோசனை சிலருக்குப் பிடிக்காது: முழுப் பேனலையும் அடிக்க விடாதீர்கள். வண்டியின் நிறக் குறியீட்டுக்கு ஏற்ற டச்-அப் பெயிண்ட்டை நுண்தூரிகையால் வைத்து, மேலே கிளியர் வைத்து விட்டுவிடலாம். அருகில் போய்ப் பார்த்தால் தெரியும்தான். ஆனால் சுற்றியுள்ள தொழிற்சாலைப் பெயிண்ட் அப்படியே இருக்கும். மீதிக் குறைக்குப் பணமாகவோ, நீட்டித்த வாரண்டியாகவோ, சர்வீஸ் பேக்கேஜாகவோ ஈடு கேளுங்கள். பெயிண்ட் உடையாத நெளிவு என்றால், பெயிண்ட்டைத் தொடாமல் உள்ளிருந்து தள்ளி எடுக்கும் முறை இருக்கிறது. டிங்கரிங், பட்டி என்று இறங்குவதற்கு முன் அதை முயலச் சொல்லுங்கள்.

மறுபூச்சு தவிர்க்க முடியாதபோது, எந்தப் பாகம் என்பதைப் பொறுத்து உங்கள் பிடிவாதம் மாறலாம். பம்பர் பிளாஸ்டிக், கழற்றி மாட்டுவது, துரு பயம் இல்லை. அதற்கு மறுபூச்சை ஏற்கலாம், புதிதே கேட்கவும் செய்யலாம். கதவு, பானெட், ஃபெண்டர் போல்ட்டில் நிற்பவை. கூரையும் பின்பக்கக் குவார்ட்டர் பேனலும் உடலோடு வெல்டிங் ஆனவை. அங்கே சம்மதிப்பதற்கு முன் நிறைய யோசியுங்கள். மெட்டாலிக் நிறம் என்றால் உலோகத் துகள்கள் படியும் சாய்வு கைக்குக் கை மாறும், அதனால் பக்கத்துப் பேனலிலும் கொஞ்சம் கலந்து அடிக்காமல் நிறம் ஒட்டாது. பெயிண்ட் பூத்தில், கம்பெனி அங்கீகரித்த பாடி ஷாப்பில், ஜாப் கார்டு போட்டு, அந்தப் பேனலுக்கும் வாரண்டி தொடரும் என்று எழுதி வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள்.

"இன்சூரன்ஸ்ல போட்டுடலாம் சார்"

இது தனியாகச் சொல்ல வேண்டியது. சேதத்தை உங்கள் பாலிசியில் கிளெய்ம் போட்டு இலவசமாக அடித்துத் தருகிறோம் என்பார்கள். இலவசம் அல்ல. ஒரு கிளெய்ம் போட்டாலே அடுத்த ஆண்டு கிடைக்க வேண்டிய 20 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போய்விடும். பிறகு 25, 35, 45, 50 என்று ஏறும் அந்தப் படிக்கட்டை மறுபடி கீழிருந்து தொடங்க வேண்டும். அதைவிட முக்கியம், கிளெய்ம் படிவத்தில் "நான் ஓட்டும்போது உரசியது" என்று நடக்காததை எழுதி உங்கள் கையெழுத்துப் போட வேண்டிவரும். பொய்த் தகவல் கொடுத்தவர் என்ற ஆபத்தும் உங்களுக்கு, "சேதம் என்னால்தான்" என்ற ஒப்புதலும் உங்களுடையது. பிறகு டீலரிடம் கேட்க ஒன்றும் மிச்சமிருக்காது. மறுத்துவிடுங்கள்.

ஆறாவது படி: பதில் வராவிட்டால்

ஏழு நாள் பொறுங்கள். அப்புறம் தயாரிப்பு நிறுவனத்தின் சேவை எண்ணில் புகார் எண் வாங்கி, அந்தப் பகுதியின் ஏரியா மேனேஜர் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். டீலர்கள் அவருடைய சொல்லுக்குக் கட்டுப்படுவார்கள், பெரும்பாலான புகார்கள் இங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் புகார் பதிந்தால் நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். கட்டணம் இல்லை. கூடவே டீலருக்கும் நிறுவனத்துக்கும் ஒப்புகையுடன் எழுத்துமூல நோட்டீஸ் அனுப்புங்கள். 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டதால், ஸ்பீட் போஸ்ட்டிலேயே அந்த வசதியைக் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, டீலர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், அதற்கு மேல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய். கால வரம்பு இரண்டு ஆண்டுகள். வழக்கறிஞர் கட்டாயமில்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், அதிகபட்சம் இன்னும் 15 நாள். தீர்ப்புக்குச் சட்டம் சொல்லும் மூன்று மாதத்தை நம்பித் திட்டமிட வேண்டாம், நடைமுறையில் அதைவிட நீளும்.

என்ன கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். "புது வண்டி மாற்றிக் கொடு" என்பது ஒரு கீறலுக்குக் கிடைப்பது அரிது. 2006இல் மாருதி தொடர்பான ஒரு வழக்கில், குறையுள்ள பாகத்தை மாற்றினாலே போதும் என்னும்போது முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021 பிப்ரவரியில் கோவாவிலிருந்து அதே நீதிமன்றத்துக்குப் போன டாடா மோட்டார்ஸ் வழக்கில், டீலர் 2009இல் தயாரான வண்டியைப் புதியது என்று விற்றிருந்தார். அந்தத் தவறு தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்காமல் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. டீலரின் பொறுப்பு அப்படியே நின்றது. ஆகவே மனுவில் இருவரையும் சேருங்கள், ஆனால் டீலர் செய்த வேலையை டீலர் மேலேயே நிரூபிக்கத் தயாராக இருங்கள். சரிசெய்யும் செலவு, வண்டியின் மதிப்பு குறைந்ததற்கான தொகை, அலைச்சலுக்கான ஈடு, இவை கேட்கத் தகுந்தவை. மறுபூச்சை மறைத்துப் புது வண்டி என்று விற்றிருந்தால் அது வேறு கதை. அது நியாயமற்ற வணிக முறை. தடிமன் அளவுகளோடு போனால் உங்கள் வழக்கு பலமாக இருக்கும்.

சமரசத்தில் கையெழுத்திடும்போது

டீலர் இறங்கிவந்து தொகையோ வேலையோ கொடுக்கும்போது ஒரு தாளை நீட்டுவார்கள். "எல்லாப் புகாரும் முழுமையாகத் தீர்ந்தது" என்று இருக்கும். வேலை முடிந்து, பகல் வெளிச்சத்தில் பார்த்து, ஆல்கஹால் துடைப்பும் முடிந்தபின் கையெழுத்திடுங்கள். எந்தச் சேதம், எந்த வேலை என்று அதில் பெயர் சொல்லியிருக்க வேண்டும், எதிர்காலத்தில் அந்தப் பெயிண்ட் உரிந்தால் என்ன என்பதும் இருக்க வேண்டும்.

மறுபூச்சு அடித்த பேனலுக்கு உடனே செராமிக் கோட்டிங்கோ பிபிஎஃப் (பெயிண்ட்டைக் காக்க ஒட்டும் ஒளிபுகும்) ஃபிலிமோ போடாதீர்கள். உள்ளே இருக்கும் கரைப்பான் ஆவியாகி வெளியேற வேண்டும். குறைந்தது ஒரு மாதம் விடுங்கள், அதுவரை வெறும் தண்ணீரும் மென்மையான ஷாம்பூவும் மட்டும். ஜாப் கார்டு, படங்கள், டீலரின் கடிதம் மூன்றையும் ஆர்.சி. இருக்கும் ஃபைலிலேயே வையுங்கள். சில வருடம் கழித்து வண்டியை விற்கும்போது வாங்க வருபவர் கருவியை வைத்துப் பார்த்து "இந்தக் கதவு ஆக்சிடென்ட்டா?" என்று கேட்பார். அப்போது அந்த ஃபைலை எடுத்துக் காட்டுங்கள்.